ரெடிமேட் உணவும் வீட்டுச் சாமானும்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

முதல் முறையாகத் தனி வீடு பிடித்து, சொந்தச் சம்பளத்தில் குடித்தனம் தொடங்குபவர்களுக்கு இரண்டு பக்கமிருந்தும் அறிவுரை வரும். நறுக்கிய காய் வாங்குவது காசைக் கரியாக்குவது என்று ஒரு சாரார் சொல்வார்கள். நேரம்தான் முக்கியம், எல்லாவற்றையும் ரெடிமேடாக வாங்கிக்கொள் என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். ஒரே பொருள் ஒரு வீட்டில் நல்ல செலவாகவும் பக்கத்து வீட்டில் வீண் செலவாகவும் இருக்கும் என்பதால், இந்த இரண்டு பேச்சுமே உங்களுக்கு உதவாது. உங்கள் வீட்டுக்கு எது தகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும் வழியை இங்கே எழுதுகிறேன். எல்லாக் கணக்குக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இதை எதற்குப் பதிலாக வாங்குகிறேன்?

முதல் படி: இரண்டு வாரம் குறித்துவையுங்கள்

ஒரு தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வரவு செலவு முழுவதையும் எழுத வேண்டாம். அப்படித் தொடங்கினால் நாலாம் நாளே விட்டுப்போகும். மூன்று விஷயம் போதும். குப்பைக்குப் போன உணவுப்பொருள் எது, சமைக்காமல் வெளியே வாங்கிச் சாப்பிட்ட வேளை எது, அன்று சமைக்க விடாமல் தடுத்தது எது.

இதில் மூன்றாவதுதான் முக்கியம். அங்கே 'களைப்பு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். களைத்த நேரத்தில் எந்த வேலை மலையாகத் தெரிந்தது என்று எழுதுங்கள். காய் நறுக்குவதா, அடுப்படியில் நிற்பதா, பாத்திரம் துலக்குவதா, இல்லை என்ன சமைப்பது என்று யோசிப்பதா? பாத்திரம் துலக்குவதுதான் உங்களைத் தடுக்கிறது என்றால், நறுக்கிய காயை எத்தனை பாக்கெட் வாங்கினாலும் வெளியே வாங்குவது குறையாது. ஒரே பாத்திரத்தில் முடியும் சமையல் நாலைக் கற்றுக்கொள்வது அங்கே உதவும், அதற்குச் செலவும் இல்லை. என்ன சமைப்பது என்ற யோசனைதான் பாரம் என்றால், வாரத்தின் ஏழு இரவுக்கும் முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியல் போதும்.

இரண்டாம் படி: சரியான பொருளோடு ஒப்பிடுங்கள்

பெரும்பாலானவர்கள் இடறுவது இங்கேதான். உறைய வைத்த ரெடிமேட் சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்ததும், இதையே வீட்டில் செய்தால் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும் என்று மனம் கணக்குப் போடும். கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வரும் நாளில், அந்த டப்பா இல்லாவிட்டால் நிஜமாகவே சமைப்பீர்களா? உங்கள் தாளில் அத்தகைய நாட்களில் எல்லாம் 'வெளியே வாங்கியது' என்று இருந்தால், டப்பாவை ஒப்பிட வேண்டியது வெளியே வாங்கும் சாப்பாட்டோடு. அப்போது அது சிக்கனம். மாறாக, ஓய்வாக இருக்கும் ஞாயிறு மதியம் கால் மணி நேரத்தில் செய்துவிடக்கூடிய சாப்பாட்டுக்குப் பதிலாக அதே டப்பாவைப் பிரித்தால் அது வீண். மாறியது பொருளல்ல, அது எதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது என்பதுதான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூட்டுவலி உள்ளவர்கள், கைக்குழந்தையோடு தனியாக இருப்பவர்கள், இரண்டு ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் நறுக்கிய காயை வாங்கும்போது கூச்சப்படுவதைப் பார்த்திருக்கிறேன். கத்தி பிடிக்க முடியாத கைக்கு, நறுக்கிய காய்தான் வீட்டுச் சமையலைச் சாத்தியமாக்குகிறது. அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம்.

மூன்றாம் படி: நூறு கிராமுக்கு என்ன விலை?

பாக்கெட் விலையைப் பார்க்காதீர்கள். விலையை எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். நூறு கிராமின் விலை கிடைக்கும். சில கடைகளில் விலைச்சீட்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இதையே அச்சிட்டிருப்பார்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்ப வேண்டாம், சில சமயம் சிறியதுதான் மலிவாக இருக்கும். அதே விலைக்கு எடையைச் சத்தமில்லாமல் குறைத்து விற்பதும் உண்டு. இந்தக் கணக்குப் போடும் பழக்கம் இருந்தால் அதுவும் தானாகக் கண்ணில் படும்.

டின்னில் வருவதற்கு ஒரு கூடுதல் கவனம் வேண்டும். பருப்பு வகை டின்னில் நிகர எடை 400 கிராம் என்று இருந்தால், தண்ணீரை வடித்தபின் மிஞ்சுவது பெரும்பாலும் 240 கிராம் அளவில்தான் இருக்கும். வடித்த எடையையும் டின்னிலேயே அச்சிட்டிருப்பார்கள், அதை வைத்தே கணக்குப் போடுங்கள். உலர்ந்த கொண்டைக்கடலை ஊறி வெந்ததும் ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு எடையாகும். ஆக, அரை கிலோ உலர்ந்த கடலை நாலரை, ஐந்து டின்னுக்குச் சமம்.

பொருள்களின் பட்டியலையும் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்பதுதான் உலகளவில் பின்பற்றப்படும் முறை. சூப்பிலோ சாஸிலோ முதல் பெயர் தண்ணீர் என்றால், அந்த விலையில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கும் அதைச் சுமந்து வந்த புட்டிக்கும் கொடுக்கிறீர்கள்.

நாலாம் படி: மிச்சமாகும் நேரத்துக்கு விலை போடுங்கள்

கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை, மிச்சமாகும் நிமிடங்களால் வகுத்து அறுபதால் பெருக்குங்கள். முழுக் காய் 10, நறுக்கியது 25 என்று வைத்துக்கொள்வோம். நாணயம் எதுவானாலும் சரி. வித்தியாசம் 15. நறுக்க ஆறு நிமிடம் ஆகும் என்றால், மணிக்கு 150 என்ற வீதத்தில் அந்த நேரத்தை வாங்குகிறீர்கள். இதை உங்கள் ஒரு மணி நேர வருமானத்தோடு வைத்துப் பாருங்கள். அந்த வருமானத்தை நேர்மையாகக் கணக்கிடுங்கள்: வரியும் வேலைக்குப் போய்வரும் செலவும் கழித்தபின் மிஞ்சும் சம்பளம், வகுத்தல் வேலை நேரமும் பயண நேரமும் சேர்ந்த மொத்த மணி.

மிச்சமாகும் ஆறு நிமிடம் சம்பளமாக மாறி உங்கள் கைக்கு வரப்போவதில்லை. அதனால் என் அளவுகோல், ஒரு மணி நேர வருமானத்தில் பாதிக்குள் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம் என்பது. அதைத் தாண்டினால், நீங்கள் மனதார வெறுக்கும் வேலையாக இருக்க வேண்டும். இன்னொன்று, நிமிடங்களை மனக்கணக்காகப் போடாமல் ஒருமுறை கடிகாரம் வைத்துப் பாருங்கள். பிடிக்காத வேலை நிஜத்தைவிட நீளமாகத் தெரியும். பூண்டு நாலு பல் உரிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஐந்தாம் படி: குப்பைக்குப் போவதையும் விலையில் சேருங்கள்

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது என்கிறது. நுகர்வோருக்குக் கிடைக்கும் உணவில் அது 19 சதவீதம். அதில் ஏறக்குறைய அறுபது சதவீதம் வீடுகளில் வீணானது. உங்கள் தாளின் முதல் பகுதி, இந்தப் பெரிய கணக்கில் உங்கள் பங்கைக் காட்டும்.

வாங்கியதில் பாதியைத் தூக்கிப் போட்டால், சாப்பிட்ட பாதியின் விலை இரண்டு மடங்கு. தனியாக இருப்பவர் முழு முட்டைக்கோஸை வாங்கி முக்கால் பங்கை அழுக விடுவதைவிட, கிலோ கணக்கில் இரட்டை விலை சொல்லும் கால் துண்டை வாங்கி முழுதும் சாப்பிடுவது மலிவு. ஆனால் நறுக்கிய காய் முழுக் காயைவிடச் சீக்கிரம் கெடும் என்பதையும் மறக்கக் கூடாது. தோலுக்குள் பத்திரமாக இருந்த சதை, வெட்டியதும் காற்றிலும் கிருமியிலும் படுகிறது. நாளைக்கோ மறுநாளோ சமைக்கப் போவது உறுதி என்றால் மட்டும் வாங்குங்கள். வாரக் கடைசிக்கு என்று எடுத்து வைப்பதற்கு முழுக் காய்தான்.

டப்பாவில் இரண்டு விதமான தேதி இருக்கும். 'இதற்குள் பயன்படுத்தவும்' என்பது பாதுகாப்பைப் பற்றியது. தாண்டினால் சாப்பிடக் கூடாது. 'இதற்கு முன் சிறந்தது' என்பது சுவை, மொறுமொறுப்பு போன்ற தரத்தைப் பற்றியது. சரியாக வைத்திருந்தால் தாண்டியும் சாப்பிடலாம். இரண்டையும் ஒன்றாக எண்ணி நல்ல பொருளைக் கொட்டுபவர்கள் நிறையப் பேர்.

ஆறாம் படி: பொருள் பொருளாகப் பார்க்கலாம்

உறைய வைத்த பட்டாணி, மக்காச்சோளம், கீரை. ரெடிமேட் வகையில் கண்ணை மூடிக்கொண்டு நான் பரிந்துரைப்பது இவற்றைத்தான். அறுவடையானதும் சில நிமிடம் வெந்நீரில் காட்டி, காயைக் கெடுக்கும் நொதிகளை அடக்கிவிட்டு, விரைவாக உறைய வைக்கிறார்கள். வேகமாக உறையும்போது பனிப் படிகங்கள் சிறியதாக இருக்கும். காயின் செல்கள் அதிகம் கிழியாது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ 1920களில் இந்த விரைவு முறையை வணிகமாக்கியதற்குப் பின்னால்தான் உறைய வைத்த உணவுக்கு நல்ல பெயர் வந்தது. கடைக்கு வந்து நாலைந்து நாள் வாடிக் கிடந்த காயைவிட இது சத்தில் குறைந்ததல்ல. வேண்டிய அளவு மட்டும் எடுக்கலாம், மிச்சம் கெடாது. வெள்ளரி, சாலட் இலை போலப் பச்சையாக மொறுமொறுவென்று சாப்பிடுபவை மட்டும் இந்த முறைக்கு ஒத்துவராது.

டின் கடலை, டின் தக்காளி. தக்காளி டின் நல்ல வாங்குதல். பருவம் தப்பிய பழத்தைவிடச் சமையலுக்குச் சுவையாகவே இருக்கும். கடலை டின்னை அவசரத்துக்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள உப்புநீரை வடித்து, குழாயடியில் அலசினால் சோடியம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். வழக்கமான தேவைக்கு, ஒரே நேரத்தில் அரை கிலோ ஊறவைத்து வேகவைத்து, வேளைக்கு ஒன்றாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். அப்புறம் டின்னைத் திறக்கிற அதே சுலபம் வீட்டுச் சரக்கிலும் வந்துவிடும். சிவப்பு ராஜ்மாவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதில் இயற்கையாக உள்ள லெக்டின் என்ற நச்சு, நன்றாக ஊறவைத்துத் தளதளவென்று கொதிக்க வைத்தால்தான் அழியும். மெதுவாகச் சூடாகும் ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போட்டால் கடுமையான வாந்தி வரும்.

துருவிய சீஸ். கட்டியாக வாங்கித் துருவுவது இரண்டு நிமிட வேலை. துருவல் ஒட்டாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவுவார்கள். அதனால் சாஸில் உருகும்போது வழுவழுப்பு குறையும். விலையும் கூட, பலனும் குறைவு.

உரித்த பூண்டு, நறுக்கிய வெங்காயம். வலி, கண் எரிச்சல் போன்ற காரணம் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். பூண்டை எண்ணெயில் போட்டு வீட்டிலேயே சேமித்து மிச்சம் பிடிக்க நினைத்தால், அதை அறை வெப்பத்தில் வைக்கவே கூடாது. காற்றில்லாத எண்ணெய்க்கடியில், போட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான உணவு நச்சு நோயைத் தரும் கிருமி வளர இடமுண்டு. மணத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஃபிரிட்ஜிலும் மூன்று நாலு நாளுக்கு மேல் வேண்டாம்.

தனித்தனிச் சிறு பாக்கெட்டில் வரும் ஓட்ஸ், நொறுக்குத்தீனி, சுவையூட்டிய தயிர். நூறு கிராம் கணக்குப் போட்டுப் பார்த்தாலே கை பின்வாங்கிவிடும். பெரிய பாக்கெட்டாக வாங்கி, சின்ன டப்பாக்களில் நீங்களே பிரித்து வைப்பது வாரத்துக்குப் பத்து நிமிட வேலை.

முழுக்க முழுக்கத் தொழிற்சாலையில் தயாரான சாப்பாட்டில், விலைச்சீட்டில் வராத ஒரு செலவும் உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இருபது பேருக்கு இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. பரிமாறிய உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் சமமாக இருக்கும்படி அமைத்து, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிட விட்டார்கள். மிகையாகப் பதப்படுத்திய உணவு கிடைத்தபோது அதே மனிதர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். பதப்படுத்தாத உணவைத் தயாரிக்க அதிகச் செலவானது என்பதும் அதே ஆய்வில் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால்தான் உறைய வைத்த பட்டாணியையும் சூடாக்கிச் சாப்பிடும் முழுச் சாப்பாட்டையும் 'ரெடிமேட்' என்று ஒரே கூடையில் போடாதீர்கள் என்கிறேன். முதலாவது ஒரு வேலையை மட்டும் முடித்துத் தருகிறது, மீதிச் சமையல் உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவதில் உப்பும் எண்ணெயும் அளவும் வேறொருவர் முடிவு. அவசர நாளுக்கு இரண்டு டப்பா இருக்கட்டும், வாரம் முழுக்க அதுவே ஆகிவிட வேண்டாம்.

ஏழாம் படி: கருவி வாங்குமுன் கேட்க வேண்டியவை

சமையலறைக் கருவிக்குச் சரியான விலை, ஒரு பயன்பாட்டுக்கு எவ்வளவு என்பதுதான். விலையை, நிஜமாகப் பயன்படுத்தப்போகும் தடவைகளால் வகுங்கள். அந்த எண்ணிக்கையை ஆசையிலிருந்து எடுக்காமல் பழக்கத்திலிருந்து எடுங்கள். கடந்த மாதம் இந்த வேலையைக் கையால் எத்தனை முறை செய்தீர்கள்? ஒருமுறைகூட இல்லை என்றால் கருவி வந்தபின் தினமும் செய்யப்போவதில்லை. பழச்சாறு பிழியும் இயந்திரமும் ரொட்டி சுடும் இயந்திரமும் பல வீடுகளில் அலமாரி உச்சிக்குப் போவது இதனால்தான். முடிந்தால் தெரிந்தவர்களிடம் இரண்டு வாரம் இரவல் வாங்கிப் பாருங்கள். கழுவ எவ்வளவு நேரம் ஆகிறது, மேடையில் நிரந்தர இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் அலமாரியிலிருந்து இறக்க வேண்டிய கருவி மெல்ல மறந்துபோகும்.

அடுத்தது, தொடர்ந்து வாங்க வேண்டிய சரக்கு. காபி கேப்சூல் இயந்திரம் மலிவாகக் கிடைக்கலாம். ஒரு கேப்சூலில் இருப்பது ஐந்தாறு கிராம் தூள்தான். ஒரு கேப்சூலின் விலையை அந்தக் கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால், ஒரு கிலோ காபிக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று தெரியும். பாக்கெட் தூளின் கிலோ விலையோடு அதை ஒருமுறை வைத்துப் பாருங்கள். மை தீரத்தீர வாங்க வேண்டிய பிரிண்டர், அலகு மாற்றும் ரேஸர், வடிகட்டி மாற்றும் தண்ணீர்க் குடுவை எல்லாமே இதே ரகம். இயந்திரத்தின் விலையோடு இரண்டு வருடச் சரக்குச் செலவையும் கூட்டிப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

மூன்றாவது மின்சாரம். வாட்ஸை மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். 1500 வாட்ஸ் கருவி இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட். ஏர் ஃப்ரையர் என்பது உள்ளே விசிறி வைத்த சிறிய ஓவன்தான். ஒருவர் இருவருக்குச் சமைக்கும்போது பெரிய ஓவனைச் சூடாக்குவதைவிட இதில் மிச்சம். வீட்டில் ஆறு பேர், விசிறி வைத்த ஓவனும் ஏற்கெனவே இருக்கிறது என்றால், ஃப்ரையரில் மூன்று தவணையாகப் போட்டு எடுப்பதற்கு ஓவனே மேல்.

நான் யாருக்கும் தயங்காமல் சொல்லும் கருவிகள் இரண்டு. ஒன்று பிரஷர் குக்கர். முழு அழுத்தத்தில் அதனுள் தண்ணீர் சுமார் 120 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, அதனால் பருப்பும் இறைச்சியும் சாதாரணப் பாத்திரத்தில் ஆகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கிலேயே வெந்துவிடும். ரப்பரும் வால்வும் மாற்றினால் பல வருடம் உழைக்கும். இன்னொன்று ஒரு நல்ல கத்தியும் அதைத் தீட்டும் கல்லும். நறுக்குவதை வெறுக்கும் பலருக்கு நிஜப் பிரச்சினை மொக்கைக் கத்திதான். கூர்மையானதைக் கையில் கொடுத்தால் நறுக்கிய காய் வாங்கும் எண்ணமே குறையும்.

எட்டாம் படி: மற்ற வீட்டுச் சாமான்கள்

பல்பில் யோசிக்கவே வேண்டியதில்லை. 60 வாட்ஸ் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட்ஸ் எல்.இ.டி. தருகிறது. தினம் நாலு மணி நேரம் எரிந்தால் வருடத்துக்கு 74 யூனிட் மிச்சம். பொம்மை, கேமரா போலப் பேட்டரியை வேகமாகத் தீர்க்கும் பொருளுக்குத் திரும்பச் சார்ஜ் செய்யும் பேட்டரி தகும். வருடம் ஓடும் சுவர்க் கடிகாரத்துக்குச் சாதாரணப் பேட்டரியே போதும்.

தரைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று என்று புட்டிகளை அடுக்க வேண்டாம். பாத்திரச் சோப்புத் திரவமும், உப்புக்கறைக்கு வினிகரும் பெரும்பாலான வேலையை முடித்துவிடும். வினிகரைப் பளிங்குக் கல்லில் மட்டும் ஊற்றாதீர்கள், அமிலம் கல்லை அரிக்கும். வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்தால் நுரை வரும், ஆனால் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் சுத்தம் செய்யும் பலம் குறைந்துவிடும். பிளீச்சை வினிகரோடோ அம்மோனியா உள்ள திரவத்தோடோ கலப்பது ஆபத்து, நச்சுவாயு கிளம்பும். துணி மென்மையாக்கும் திரவம் துண்டுகளுக்கு வேண்டாம். இழையில் படலமாகப் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும்.

மொத்தமாக வாங்குவதில் சோப்பு, உப்பு, சர்க்கரை, டிஷ்யூ போலக் கெடாதவை சரி. எண்ணெய், கொட்டைகள், முழுத் தானிய மாவு ஆகியவை காறிப்போகும். மசாலாப் பொடி மணம் இழக்கும். இவற்றை இரண்டு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள்.

ஒன்பதாம் படி: மூன்று மாதம் கழித்து அலமாரியைத் திறங்கள்

ரெடிமேட் பொருள்களில் எது தீர்ந்து திரும்ப வாங்கினீர்கள், எது பின்வரிசையில் அப்படியே கிடக்கிறது என்று பாருங்கள். கிடப்பதை இந்த வாரமே சமைத்துத் தீர்த்துவிட்டு, அடுத்த பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். வெளியே வாங்கிய வேளைகள் குறையவில்லை என்றால், வாங்கிய ரெடிமேட் பொருள் தவறான வேலைக்கு வந்திருக்கிறது. உங்களைத் தடுக்கும் வேலை எது என்பதை மறுபடி குறித்துப் பார்த்து, அதற்கேற்ப மாற்றுங்கள்.

மூன்று மாதமாகத் தொடாத கருவியை, போட்ட காசை நினைத்து வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அது அலமாரியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்த காசு திரும்பாது, ஆனால் விற்கும் விலை மாதாமாதம் குறையும். அட்டைப்பெட்டி, கையேடு, அளவுக் கோப்பை, உதிரி ரப்பர் எல்லாவற்றையும் தேடி எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள். முழுச் சாமானோடு வரும் பழைய கருவிக்கு நல்ல விலை கிடைக்கும், வாங்குபவருக்கும் உபயோகப்படும்.